கொழும்பு மருத்துவ பீடமும் அதன் ஆஸ்பத்திரிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளையின் பெற்றோர், பெரியாஸ்பத்திரி வாட்டில் உறவினரைச் சேர்த்துவிட்டு வெளியே காத்திருப்பவர்கள், பாட்டனாரின் பழைய சான்றிதழைப் படமெடுத்து ரொறன்ரோவிலிருந்து அனுப்புகிறவர்கள். இந்த மூன்று தரப்பினரும் சுற்றிச் சுற்றி ஒரே விடயங்களைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றை ஒரு வரியில் சொன்னால் பிழையான எண்ணமே மிஞ்சும்.

கொழும்பு மருத்துவ பீடம் எந்த ஆண்டு தொடங்கியது?

1870 ஜூன் 1. அப்போதைய ஆளுநர் சேர் ஹெர்குலிஸ் ரொபின்சன் தொடக்கி வைத்தார். அன்றைய பெயர் கொழும்பு மருத்துவப் பள்ளி. தனிக் கட்டடம் இல்லை. கொழும்பு பொது வைத்தியசாலையின் பெண்கள் சத்திரசிகிச்சை வாட்டில்தான் வகுப்புகள் நடந்தன. 25 மாணவர்கள், மூன்று ஆண்டுப் படிப்பு, பறங்கியரான (ஐரோப்பிய வழிவந்த சமூகத்தவரான) டொக்டர் ஜேம்ஸ் லூஸ் முதலாவது அதிபர். பள்ளி ஆஸ்பத்திரிக்குள்ளேயே பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல பதில்களுக்கு அதுதான் அடிப்படை.

அரசாங்கம் திடீரென்று மருத்துவப் பள்ளி தொடங்கக் காரணம் என்ன?

வன்னி. கொழும்பில் பலருக்கு இது தெரியாது, வன்னியிலும் பலருக்குத் தெரியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வன்னிக் கிராமங்கள் ஒவ்வொன்றாக ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்தன. காய்ச்சல், உடைந்த குளங்கள், உணவுப் பற்றாக்குறை ஆகியவற்றோடு பரங்கிப்புண் என்ற நோயும் மக்களைத் தின்றது. தோலில் தொடங்கி எலும்புவரை போய் ஆளை முடமாக்கும் தொற்றுநோய் அது. நிலைமையை ஆராய அனுப்பப்பட்டவர்தான் மேலே சொன்ன டொக்டர் லூஸ். அங்கே போய்ப் பார்த்தபோது தெரிந்தது இதுதான்: இங்கிலாந்திலிருந்து வரும் விரல்விட்டு எண்ணக்கூடிய வைத்தியர்களை நம்பி ஒரு நாட்டின் கிராமங்களைக் காப்பாற்ற முடியாது. உள்ளூர்ப் பிள்ளைகளைப் பயிற்றுவித்தே ஆகவேண்டும்.

இந்தக் கதைக்கு ஒரு பின்தொடர்ச்சி உண்டு. 1900இல் கொழும்பில் ஒரு நுண்ணுயிரியல் நிறுவனம் அமைந்தது. இன்று பொரளையில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததுதான். 1903இல் அதன் பணிப்பாளராக வந்த இத்தாலியர் அல்டோ காஸ்டெலானி மருத்துவக் கல்லூரியிலும் விரிவுரையாற்றினார். 1905இல் பரங்கிப்புண்ணை உண்டாக்கும் கிருமியைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் அவரே. எந்த நோய்க்காகப் பள்ளி தொடங்கப்பட்டதோ, அந்த நோயின் கிருமி முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே நகரத்தில் அகப்பட்டது. பாடப்புத்தகங்களில் காஸ்டெலானியின் பெயர் இருக்கிறது, வன்னியின் பெயர் இல்லை.

அதற்கு முன்னர் இலங்கையில் மேலைத்தேய மருத்துவம் கற்பிக்கப்படவே இல்லையா?

கற்பிக்கப்பட்டது. அதுவும் தமிழில்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திக்கொண்டே 1848 முதல் மாணவர்களைப் பயிற்றுவித்தார். அதாவது கொழும்புக்கு 22 ஆண்டுகள் முன்னதாக. ஆங்கிலத்தில் தொடங்கிய கற்பித்தலை 1860களில் தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, மகப்பேறு, இரசாயனம் என்று நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவர் பயிற்றுவித்தவர்கள் ஊர்களில் தங்கி வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஆங்கிலத்தில் படித்தவன் அரச உத்தியோகம் தேடிப் புறப்பட்டுவிடுவான் என்று அவர் கணித்தார். கணிப்பு தப்பவில்லை என்பதை இன்றைய வெளிநாட்டு விசா வரிசைகளில் பார்க்கலாம்.

தெற்கைச் சேர்ந்தவர்கள் கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கு அரச செலவில் அனுப்பப்பட்டார்கள். கொழும்புப் பள்ளியின் முதற்தலைமுறை ஆசிரியர்களில் கல்கத்தா சென்று படித்தவர்கள் இருந்தார்கள்.

தெற்காசியாவின் இரண்டாவது பழைய மருத்துவப் பள்ளி கொழும்பு என்று சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். ஆண்டுகளை அடுக்கிப் பாருங்கள்: கல்கத்தாவும் சென்னையும் 1835, பம்பாய் 1845, லாகூர் 1860. கொழும்பு 1870. இந்த வரிசையில் இரண்டாவது இடம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. 2020இல் 150 ஆண்டுகளை நிறைவு செய்த நிறுவனத்துக்கு இரவல் பெருமை தேவையும் இல்லை.

ஒரே நிறுவனத்துக்கு ஏன் இத்தனை பெயர்கள்? பழைய ஆவணங்களில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது.

ஆவணத்தின் ஆண்டைப் பார்த்தால் குழப்பம் தீரும். 1870 முதல் 1880 வரை கொழும்பு மருத்துவப் பள்ளி. 1880இல் இலங்கை மருத்துவக் கல்லூரி ஆனது. 1942இல் அந்தக் கல்லூரியும் பல்கலைக்கழகக் கல்லூரியும் சேர்ந்து இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது, கல்லூரி அதன் மருத்துவ பீடமாயிற்று. 1967இல் கொழும்பு வளாகம் தனிப் பல்கலைக்கழகமாகப் பிரிந்தது. 1972இல் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் மீண்டும் ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தோடு இன்றைய கொழும்புப் பல்கலைக்கழகம் அமைந்தது. பெயர்ப்பலகை இத்தனை முறை மாறியபோதும் கட்டடங்கள் கின்சி வீதியை விட்டு அசையவில்லை.

ஆகவே ஒருவர் சிலோன் பல்கலைக்கழகப் பட்டதாரி, இன்னொருவர் கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டதாரி என்றால், இருவரும் ஒரே உடற்கூற்று மண்டபத்தில் நின்றவர்களாக இருக்கலாம். ஆனால் 1962இல் பேராதனையிலும் மருத்துவ பீடம் தொடங்கியதால், அதற்குப் பிந்திய சிலோன் பட்டம் எந்த ஊருடையது என்று கேட்டுத்தான் அறிய வேண்டும்.

பாட்டனாரின் பெயருக்குப் பின்னால் "எல்.எம்.எஸ். (சிலோன்)" என்று இருக்கிறது. அவர் உண்மையான டொக்டர்தானா?

முழு டொக்டர்தான். பல்கலைக்கழகம் வருவதற்கு முன்னர் கல்லூரி வழங்கிய தகுதி அது: மருத்துவத்திலும் சத்திரசிகிச்சையிலும் தொழில் புரிவதற்கான உரிமம். 1880களின் பிற்பகுதியில் பிரித்தானியாவின் பொது மருத்துவப் பேரவை அதை ஏற்றுக்கொண்டது. எல்.எம்.எஸ். பெற்றவர் இங்கிலாந்திலும் பதிவு செய்து தொழில் பார்க்கலாம் என்ற நிலை அப்போது உருவானது. அதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் அன்றைய தலைமைச் சிவில் மருத்துவ அதிகாரி கின்சி. வீதிக்கு இடப்பட்டது அவருடைய பெயர்தான்.

எச்சரிக்கை ஒன்று. கல்லூரி டொக்டர்களை மட்டும் உருவாக்கவில்லை. மருந்து கொடுத்து அடிப்படைச் சிகிச்சை பார்க்கும் துணை வைத்தியர்களான அப்போதிக்கரிகளையும் பயிற்றுவித்தது. மலைநாட்டுத் தோட்டங்களிலும் தூரத்துக் கிராம மருந்தகங்களிலும் வேலை பார்த்தவர்களில் பெரும்பங்கினர் இவர்கள். ஊரார் இவர்களையும் டொக்டர் ஐயா என்றே அழைத்தார்கள். குடும்பக் கதையில் டொக்டராக இருக்கும் முன்னோர் ஆவணத்தில் அப்போதிக்கரியாக இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். தோட்டத்தில் பிரசவமும் பாம்புக்கடியும் வாந்திபேதியும் வந்தபோது முதலில் ஓடி வந்தவர் அவர்தான்.

தேட விரும்புகிறவர்கள் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தொடங்கலாம். அரச வர்த்தமானிகளையும் பெர்குசன் ஆண்டுக் கையேடுகளையும் புரட்டுங்கள். அரச சேவையில் இருந்தவர் என்றால் நியமனமும் இடமாற்றமும் எங்கேனும் ஒரு வரியில் பதிவாகியிருக்க வாய்ப்பு நிறைய உண்டு. பெயரின் ஆங்கில எழுத்துக் கூட்டல்தான் தலைவலி. ஒரே ஆள் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார்.

கின்சி வீதியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் யாருடையது?

பள்ளியின் இரண்டாவது அதிபர் டொக்டர் எட்வின் லோசன் கொக்கின் நினைவாக 1881இல் கட்டப்பட்டது. பிரேத பரிசோதனை செய்தபோது ஏற்பட்ட காயம் நஞ்சாகி 1877இல் அவர் இறந்தார். கையுறை வழக்கத்துக்கு வராத காலம். இன்று அந்தக் கோபுரத்தின் அடியில் முச்சக்கரவண்டிக்குக் காத்திருக்கிறவர்களில் எத்தனை பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

பீடம் நிற்கும் நிலம் முதலியார் சாம்சன் ராஜபக்ஷ 1875இல் கொடுத்தது. ஏறக்குறைய மூன்றரை ஏக்கர். கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் டி சொய்சா குடும்பத்தினர் முன்னணியில் நின்றார்கள். மருத்துவக் கல்வியைத் தொடங்கியது காலனித்துவ அரசு என்றாலும், அதற்கு நிலமும் சுவரும் தந்தது உள்ளூர்ச் செல்வம்.

பெண்களை எப்போது சேர்த்தார்கள்?

1892இல். அலிஸ் டி பூர் 1899இல் தகுதி பெற்று இலங்கையின் முதலாவது பெண் டொக்டர்களில் ஒருவரானார். ஆரம்பத்தில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பறங்கியர் சமூகத்துப் பெண்கள். இன்று பீடத்து வாசலில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். ஆண்களுக்கு ஒதுக்கீடு தேவைப்படுமோ என்று தோன்றும்.

மருத்துவ பீடத்துக்குச் சொந்தமான ஆஸ்பத்திரி எது?

எதுவும் இல்லை. அதிகம் பேர் தவறாக விளங்கிக்கொண்டிருப்பது இதைத்தான்.

பீடம் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. பல்கலைக்கழகம் உயர்கல்விக்குப் பொறுப்பானவர்களின் நிர்வாகத்தில் இருக்கிறது. தேசிய வைத்தியசாலையும் ஏனைய ஆஸ்பத்திரிகளும் சுகாதார அமைச்சின் கீழ் இருப்பவை. கட்டில், மருந்து, தாதியர், சிற்றூழியர் எல்லாம் அமைச்சினுடையவை. பீடத்தின் பேராசிரியர்களும் விரிவுரையாளர்களும் அங்கே கௌரவ விசேட வைத்திய நிபுணர்களாக நோயாளரைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கென்று சில வாட்டுகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பேராசிரியர் பிரிவு, பல்கலைக்கழகப் பிரிவு என்று சொல்வார்கள். ஆனால் மாணவர்கள் பேராசிரியர் பிரிவில் மட்டும் படிப்பதில்லை. அமைச்சின் நிபுணர்கள் நடத்தும் வாட்டுகளிலும் முறை வைத்துச் சுற்றி வருகிறார்கள். அந்த நிபுணர்கள் கற்பிக்காவிட்டால் பீடம் ஒரு தவணை தாங்காது.

இந்த இரட்டை நிர்வாகத்தால் எரிச்சல்களும் உண்டு. புதிய இயந்திரம் வாங்குவது யார், பழுதுபார்ப்பது யார், வாட்டுக்கு இன்னொரு மருத்துவ அதிகாரியைத் தருவது யார் என்று கடிதங்கள் இரண்டு திசையில் பறக்கும். இருந்தாலும் நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் இது நல்ல ஏற்பாடு என்றே நான் சொல்வேன். பேராசிரியரின் கையால் வைத்தியம் ஒரு சதம் செலவில்லாமல் மாளிகாவத்தைக் கூலித் தொழிலாளிக்குக் கிடைக்கிறது.

சரி, எந்தெந்த ஆஸ்பத்திரிகள் கொழும்பு பீடத்தோடு இணைந்தவை?

பொரளைக்கும் மருதானைக்கும் இடையில் ஒரு சுற்று நடந்தால் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம்.

முதலாவது, பெரியாஸ்பத்திரி. இன்றைய பெயர் இலங்கைத் தேசிய வைத்தியசாலை. 1864இல் பொது வைத்தியசாலையாகத் தொடங்கியது. மூவாயிரத்துக்கும் அதிகமான கட்டில்கள் கொண்ட நாட்டின் மிகப்பெரிய ஆஸ்பத்திரி. பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, உளமருத்துவம் ஆகியவற்றின் பல்கலைக்கழகப் பிரிவுகள் இங்கே இருக்கின்றன. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, நுவரெலியா என்று எங்கும் கைவிரித்த பின் துண்டு எழுதி அனுப்பும் கடைசி இடம் இதுதான். அதனால் மாணவர்களுக்கு இங்கே கிடைக்கும் அனுபவம் வேறெங்கும் கிடைக்காது. நோயாளிக்குக் கிடைக்கும் கூட்டமும் அப்படியே.

அடுத்தது டி சொய்சா மகளிர் வைத்தியசாலை, பீடத்துக்கு அருகிலேயே. 1879இல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையில் பிரசவ விடுதியாகத் திறக்கப்பட்டது. பீடத்தின் மகப்பேற்றுப் பிரிவு இங்கே இயங்குகிறது. கொழும்பில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்களில் பாட்டி, தாய், பிள்ளை மூவரும் இங்கே பிறந்தவர்களாக இருப்பது அபூர்வமல்ல. வீட்டில் பிரசவம் பார்ப்பதே கௌரவம் என்றிருந்த காலத்தில் பெண்களை ஆஸ்பத்திரிக்கு வரவழைப்பது சின்ன வேலையாக இருந்திருக்காது.

சிறுவர்களுக்கு சீமாட்டி றிஜ்வே வைத்தியசாலை. 1895இல் தொடங்கியது. ஆளுநர் வெஸ்ட் றிஜ்வேயின் மனைவியின் பெயர் சூட்டப்பட்டது. சுருக்கமாகப் பொரளைச் சிறுவர் ஆஸ்பத்திரி என்பார்கள். பீடத்தின் குழந்தை மருத்துவப் பிரிவு இங்கே. 1949இல் குழந்தை மருத்துவத்துக்கான முதலாவது பேராசிரியராக வந்த சி. சி. டி சில்வாவின் காலத்திலிருந்து இந்தத் தொடர்பு உறுதியானது.

இவை மூன்றும் முதன்மையானவை. லிப்டன் சுற்றுவட்டத்தில் செங்கல் நிறத்தில் நிற்கும் கண் ஆஸ்பத்திரி, 1950இல் திறக்கப்பட்ட காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரி ஆகியவற்றுக்கும் மாணவர்கள் போவார்கள். புற்றுநோய்க்கு மஹரகம அபேக்ஷா. தெல்லிப்பழையில் 2013இல் புற்றுநோய் வைத்தியசாலை வரும்வரை வடக்கிலிருந்து கதிர்ச் சிகிச்சைக்கு வந்தவர்கள் மஹரகமவில் வாடகை அறை எடுத்து மாதக்கணக்கில் தங்கினார்கள். இன்றும் சிக்கலான நோயென்றால் அந்தப் பயணம் தவிர்க்க முடியாதது. தொற்றுநோய்க்கு அங்கொடை ஐ.டி.எச். 2020 ஜனவரியில் நாட்டின் முதலாவது கொவிட் நோயாளி சிகிச்சை பெற்றது அங்கேதான். மனநல ஆஸ்பத்திரி அங்கே இருப்பதால் அங்கொடை என்றாலே மனநோய் என்று பகிடி பண்ணுகிறவர்கள் அந்த ஆண்டில் கொஞ்சம் அடங்கியிருந்தார்கள்.

கொழும்பில் வேறு மருத்துவ பீடங்களும் இருக்கின்றன அல்லவா? களுபோவிலையும் றாகமையும் எதனுடையவை?

களுபோவிலையில் உள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தோடு இணைந்தது. அந்தப் பீடம் 1990களின் தொடக்கத்தில் வந்தது. வெள்ளவத்தை, தெஹிவளைத் தமிழர்கள் அவசரத்துக்கு ஓடுவது பெரும்பாலும் களுபோவிலைக்கே. எனவே அங்கே உங்களைப் பரிசோதிக்கும் மாணவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தவர் அல்லர்.

றாகமையில் உள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலை களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தோடு இணைந்தது. அதற்கு முன்கதை உண்டு. 1980களின் தொடக்கத்தில் அங்கே வட கொழும்பு மருத்துவக் கல்லூரி என்ற தனியார் கல்லூரி இயங்கியது. பணம் கட்டிப் படிப்பதா என்று அரச பல்கலைக்கழக மாணவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1989இல் அரசு அதைப் பொறுப்பேற்றது. 1991இல் களனியின் மருத்துவ பீடம் அந்த இடத்தில் உருவானது. மாலபேயில் இயங்கிய சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரியைப் பற்றிய சண்டை 2018இல் முடிந்த விதமும் கிட்டத்தட்ட அதே வார்ப்பு. அங்கே படித்த மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கப்பட்டார்கள். வெரஹெரவில் தனக்கென்று பெரிய ஆஸ்பத்திரி வைத்திருப்பது அந்தப் பல்கலைக்கழகம்தான்.

"கொழும்பு" என்ற சொல்லோடு போதனா வைத்தியசாலை என்று பலகை தொங்கினால் அது கொழும்பு மருத்துவ பீடத்தினுடையது என்று நினைக்க வேண்டாம் என்பதே இதன் சுருக்கம்.

வாட்டில் வெள்ளை மேலங்கியோடு பத்துப் பேர் வருகிறார்கள். இதில் யார் டொக்டர்?

வயதை வைத்துக் கணிக்காதீர்கள். கட்டிலருகே வந்து ஒரே கேள்வியை நீளமாகக் கேட்டு, கொப்பியில் எழுதி, வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு மருந்து எதுவும் எழுதாமல் போகிறவர் மாணவர். காலையும் மாலையும் இரவும் அதே வாட்டில் தூக்கம் கெட்ட கண்களோடு ஓடித் திரிகிறவர் உள்ளகப் பயிற்சி டொக்டர். அவர் ஐந்து ஆண்டுப் படிப்பை முடித்து, ஓராண்டுப் பயிற்சியில் இருப்பவர். அதற்கு மேலே மூத்த மருத்துவ அதிகாரி, பதிவாளர், சிரேஷ்ட பதிவாளர் என்று படிகள் போகும். பதிவாளர் என்றதும் கச்சேரியில் பிறப்புப் பதிகிறவர் என்று எண்ணிவிட வேண்டாம். நிபுணராவதற்கான பட்டமேற்படிப்பில் இருக்கும் டொக்டர் அவர். எல்லோரும் ஒதுங்கி வழிவிட நடுவில் வருகிறவர்தான் விசேட வைத்திய நிபுணர். உறவினர்கள் "பெரிய டொக்டர்" என்று சொல்வது அவரைத்தான்.

கேள்வி கேட்க வேண்டுமானால் பெரிய டொக்டரின் சுற்று முடியும்வரை காத்திருந்து, உள்ளகப் பயிற்சி டொக்டரையோ மூத்த மருத்துவ அதிகாரியையோ அணுகுங்கள். அன்றாட விபரம் முழுவதும் அவர்களிடமே இருக்கும். மாணவரிடம் "எப்போது வீட்டுக்கு விடுவார்கள்?" என்று கேட்பது அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் பயனில்லை.

மாணவர் பரிசோதிக்க வேண்டாம் என்று மறுக்கலாமா?

மறுக்கலாம். சிகிச்சையில் குறை வரக்கூடாது. களைத்துப் போயிருந்தாலோ, ஒரு நாளில் ஐந்தாவது ஆள் வந்தாலோ, பின்னர் வரச் சொல்லுங்கள். பெண் நோயாளி பெண் மாணவியைக் கேட்பதிலும் தவறில்லை. ஆனால் முடிந்தால் மறுக்காதீர்கள் என்றே நான் கேட்பேன். மாணவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட நோய் வரலாற்றில் மற்றவர்கள் தவறவிட்ட செய்தி அகப்படுவது உண்டு. அவசரமில்லாமல் கேட்க நேரம் வைத்திருப்பவர் அந்த வாட்டில் அவர் ஒருவர்தான்.

பேராசிரியர் வாட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாமா?

அவசரமாக வருகிறவர்களை எந்த வாட்டு ஏற்கும் என்பது அன்றைய முறையைப் பொறுத்தது. தெரிந்தவர் மூலம் முயல்கிறவர்கள் உண்டு. ஆனால் நல்ல வாட்டு எது என்று தேடுவதில் செலவழிக்கும் நேரத்தை, நோயாளியின் பழைய கிளினிக் கொப்பியையும் மருந்துகளையும் தேடி எடுத்து வருவதில் செலவழித்தால் பயன் அதிகம்.

கற்பிக்கும் மொழி எது? தமிழ் மாணவர்களுக்குச் சிங்களம் தெரிய வேண்டுமா?

விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்தில். ஆனால் நோயாளி ஆங்கிலத்தில் இருமுவதில்லை. தமிழ் மூலம் படித்துவிட்டு கிளிநொச்சியிலிருந்தோ கல்முனையிலிருந்தோ வரும் பிள்ளைக்கு முதல் ஆண்டு ஆங்கிலத்தோடு போராட்டம், மூன்றாம் ஆண்டு வாட்டில் சிங்களத்தோடு போராட்டம். சிங்களப் பிள்ளைகளுக்கு இதே சிக்கல் கொட்டாஞ்சேனை ஆச்சியிடம் வரலாறு கேட்கும்போது வரும். "நெஞ்சுக்குள்ளே எரியுது", "நெஞ்சுக்குள்ளே அடைக்குது", "நெஞ்சு படபடக்குது" மூன்றும் மூன்று விதமான முறைப்பாடுகள் என்று அப்போதுதான் தெரியவரும். ஒரே குழுவில் இருக்கும் தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் ஒருவருக்கொருவர் மொழிபெயர்த்துக்கொண்டே மருத்துவம் கற்பது கொழும்பில் வழமை. உயர்தரம் முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை இருக்கும் நீண்ட இடைவெளியில் பேச்சுச் சிங்களம் படிக்க வையுங்கள். அந்தக் காலத்தை உடற்கூற்றுப் புத்தகத்தோடு கழிப்பதைவிட இதுவே உதவும்.

பீடத்தின் வரலாற்றில் தமிழர்களின் இடம் என்ன?

சத்திரசிகிச்சைக்கான முதலாவது பேராசிரியர் மில்ரோய் போல். தந்தை எஸ். சி. போலும் கொழும்புப் பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணரே. மில்ரோய் போல் இலண்டனில் சத்திரசிகிச்சை நிபுணர்களின் வேத்தியர் கல்லூரியின் (றோயல் கல்லூரியின்) ஹன்ட்டேரியன் விரிவுரையை ஒரு முறைக்கு மேல் ஆற்றினார். அவருக்குப் பின்னும் பேராசிரியர்களாகவும் நிபுணர்களாகவும் ஏராளமான தமிழர்கள்.

1960களின் இறுதியில் மருத்துவத்துக்குத் தெரிவானவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தமிழர்கள். அடுத்து நடந்தது தெரிந்த கதை. 1970-71 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 400க்கு 250 புள்ளிகள் எடுக்க வேண்டியிருந்தது. சிங்களமொழி மாணவருக்கு 229 போதுமாக இருந்தது. தொடர்ந்து மொழிவாரித் தரப்படுத்தல், அதன்பின் மாவட்ட ஒதுக்கீடு. மாவட்ட ஒதுக்கீட்டால் வன்னி, மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய மாவட்டத் தமிழ்ப் பிள்ளைகளும் பயனடைந்தார்கள் என்பது உண்மை. மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி என்ற முதல் ஏற்பாட்டுக்கு அந்த நியாயம்கூடக் கிடையாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறவர்கள் இருபக்கமும் இருக்கிறார்கள்.

1978இல் யாழ்ப்பாண மருத்துவ பீடம் கைதடியில் தொடங்கியது. 1983 ஜூலைக்குப் பின்னர் தெற்கில் படித்த தமிழ் மாணவர்கள் பலர் அங்கே மாறிச் சென்றார்கள்.

இப்போது அனுமதி எப்படி?

உயர்தர இசட் புள்ளி, அதாவது பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் புள்ளி. மொத்த இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. கொழும்பு மாவட்டத்தில் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருக்கும். வெள்ளவத்தையில் மூன்று டியூட்டரிக்கு அனுப்பினாலும் அந்தக் கணக்கு மாறாது. பேராதனை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று எல்லாவற்றையும் விருப்பப் பட்டியலில் எழுதுங்கள். முடிவில் எல்லோரும் இலங்கை மருத்துவப் பேரவையில் ஒரே பதிவைத்தான் பெறுகிறார்கள்.

இலங்கை மருத்துவக் கல்லூரிப் பேரவை என்று ஒன்று இன்னும் இருக்கிறதே? கல்லூரிதான் 1942இல் போய்விட்டதே?

கல்லூரி போய்விட்டது, 1905ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அதன் பேரவை போகவில்லை. மருந்தாளர் முதலிய மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான பரீட்சைகளை அது நடத்துகிறது. பார்மசி திறக்க நினைப்பவர்கள் தேடிப் போவது இதைத்தான். மேலே சொன்ன இலங்கை மருத்துவப் பேரவை வேறு. டொக்டர்களைப் பதிவு செய்வது அது. பெயர் ஒற்றுமையால் விண்ணப்பத்தைத் தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

பல் வைத்தியமும் கொழும்பில்தான் கற்பிக்கப்பட்டதாமே?

ஆம், 1943 முதல் சில காலம். பிறகு பேராதனைக்குப் போய்விட்டது.

நிபுணராவதற்கும் இங்கேதான் வரவேண்டுமா?

ஆம். பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனம் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, முன்னர் நொரிஸ் கனால் வீதி எனப்பட்ட பேராசிரியர் நந்ததாச கொடகொட மாவத்தையில் இருக்கிறது. எந்தப் பீடத்தில் படித்திருந்தாலும் நாட்டுக்குள் நிபுணராகும் வழி அதன் ஊடாகவே.

சித்த மருத்துவம் படிக்கலாமா?

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சுதேச மருத்துவக் கல்வி ராஜகிரியவில் நடக்கிறது. அங்கே ஆயுர்வேதமும் யூனானியும் உண்டு, சித்தம் இல்லை. சித்த மருத்துவத்துக்கு யாழ்ப்பாணத்தையோ திருகோணமலையையோ நாடுங்கள்.

பீடத்துக்கு எப்படிப் போவது?

பொரளைச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி வார்ட் பிளேஸ் வழியாக நடந்து கின்சி வீதிக்குத் திரும்புங்கள். அல்லது கண் ஆஸ்பத்திரியடியில் இறங்கி வார்ட் பிளேஸில் எதிர்த்திசையில் வாருங்கள். முச்சக்கரவண்டிக்காரரிடம் "மெடிக்கல் பீடம்" என்றால் போதும். "மெடிக்கல்" என்று மட்டும் சொன்னால் மருந்துக் கடையில் இறக்கிவிடுவார். காலை ஏழு மணிக்கும் எட்டரைக்கும் இடையில் பாடசாலை வாகனங்களும் அம்புலன்ஸ்களும் சேர்ந்து அந்தப் பகுதியை நிரப்பிவிடும். அலுவலக வேலைக்குப் போகிறவர்கள் ஒன்பதுக்குப் பிறகு போனால் நல்லது.